வீடியோவில் நீலச் சால்வையோடு படுத்திருப்பது நான்தான்

மேல்பிரிவு, நாலாம் லயம்
மார்ச் 20

வவுனியாவில் இருக்கும் பெரிய மதினி சண்முகவடிவு அவர்களின் காலைத் தொட்டு, உங்கள் தம்பி பெண்சாதி அழகம்மா எழுதிக்கொள்வது. உங்கள் முழங்கால், அண்ணனின் இருமல், உங்கள் மகன் துஷாந்த் ஓட்டுகிற வேன், கொல்லையில் கட்டியிருக்கிற மாடு எல்லாவற்றுக்கும் ஒரு குறையும் வராமல் முத்துமாரி காவல் நிற்க வேண்டும். இங்கே நானும் மகள் லோஜினியும் உயிரோடு இருக்கிறோம். சுகமா என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். கேட்டதாக வைத்துக்கொண்டு கீழே எழுதியிருக்கிறேன்.

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். ஒன்பது மாதமாக நான் எடுக்கிற போனை எல்லாம் நீங்கள் கட் பண்ணிவிடுகிறீர்கள். கடிதத்தைக் கட் பண்ண முடியாது. கிழிக்கலாம். ஆனால் கிழிக்கிறதுக்கு முன்னால் யாராக இருந்தாலும் ஒரு பக்கமாவது படித்துப் பார்ப்பார்கள். அதனால் முக்கியமானதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

துஷாந்த் உங்களுக்கு ஒரு வீடியோ காட்டியிருப்பான். அவன் மறைத்திருந்தாலும் பக்கத்து வீட்டில் யாராவது சுவருக்கு மேலால் போனை நீட்டிக் காட்டியிருப்பார்கள். அதில் ஒரு சினிமாத் தியேட்டர். லைட் எல்லாம் எரிகிறது. நாற்காலியில் ஒருத்தரும் இல்லை. நாற்காலிகளுக்கு நடுவிலும் நடைபாதையிலும் முப்பத்தெட்டுப் பொம்பளைகள் தலையை மூடிக்கொண்டு குப்புறப் படுத்துக் கிடக்கிறார்கள். ஓரத்தில் நீலச் சால்வையோடு ஒரு ஆம்பளை மேல் விழுந்து படுத்திருப்பது நான்தான். வேறு யாரோ என்று லோஜினி உங்களிடம் சொல்லப் பார்த்தாளாம். அந்தச் சால்வை நீங்கள் போன வருசம் தைப்பொங்கலுக்குக் கொண்டுவந்து கொடுத்தது. உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகுமா? வீடியோவுக்குக் கீழே ஆயிரத்துக்கு மேல் ஆட்கள் சிரிக்கிற பொம்மை போட்டிருக்கிறார்களாம். புருசன் செத்து வருசம் திரும்பாதவள் இப்படி ஒரு கோலத்தில் கிடக்கிறாளே என்று நீங்கள் அழுதிருப்பீர்கள், இல்லாவிட்டால் காறித் துப்பியிருப்பீர்கள். இரண்டுக்கும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் நடந்தது என்ன என்று கேட்டுவிட்டுத் துப்புங்கள்.

தியேட்டருக்குப் போனதே முதல் தப்பு. அதற்கு மாதர் சங்கத்துத் தலைவி மீனம்மாதான் காரணம். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே கடைசிக் காம்பராவில் இருக்கிறாளே, சாவுக்கு வந்தபோது உங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாளே, அவள்தான். மகளிர் தினத்துக்குச் சங்கத்துப் பொம்பளைகளை எல்லாம் டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு படம் காட்டுவதாக முடிவு பண்ணினாள். தியேட்டர் வாசலில் போஸ்டரைப் பார்த்துவிட்டு வந்தவளும் அவள்தான். போஸ்டர் முழுக்க நெருப்பாம், நெருப்புக்கு நடுவில் தலைவிரி கோலமாக ஒரு பொம்பளையாம், கையில் மூன்று முனையோடு ஒரு ஆயுதமாம். அம்மன் படம் என்று லயம் லயமாகச் சொல்லிவிட்டாள். லோஜினி வேலை செய்கிற புடவைக் கடை முதலாளி நஸார்தான் எங்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். அவர் நல்ல மனுசர், முன்கூட்டியே சொன்னார்.

“மீனாக்கா, அது சாமி படமில்ல. இங்கிலீஸ் படம், தமிழ்ல பேசுவாங்க. உலகம் அழிஞ்ச பொறகு நடக்கிற சண்டை.”

“அம்மன் சண்டை போடாம வேற என்ன செய்வா மொதலாளி?” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள் இவள்.

நான் வரமாட்டேன் என்றுதான் சொன்னேன் மதினி. துக்கம் உள்ளவள் சினிமாவுக்குப் போகலாமா என்றேன். “இது சினிமா இல்லடி, சாமி” என்றாள். வருசம் முடியாமல் சாமியிடம் போகலாமா என்றேன். “போறது கோயிலுக்கா? தியேட்டருக்குத்தானே” என்றாள். அவளிடம் எந்தப் பக்கம் கதவைச் சாத்தினாலும் மறுபக்கத்தால் வந்துவிடுவாள். கடைசியில் லோஜினிதான், “ஒம்பது மாசமா இந்தக் காம்பராக்குள்ளயே உக்காந்து சுவத்தப் பாத்துக்கிட்டு இருக்கீங்கம்மா. ஒரு நாளைக்கு வேற சுவத்தப் பாருங்க” என்று சால்வையை எடுத்து என் தோளில் போட்டாள்.

அவள் சொன்னது பொய் இல்லை. என் பயத்தை உங்களிடம் இதுவரைக்கும் நான் சொன்னது கிடையாது. உங்கள் தம்பியைக் குளவி கொட்டின நாளிலிருந்து நான் கொழுந்து எடுக்க மலைக்குப் போகவில்லை. காது எனக்குச் சொந்தமாக இல்லை மதினி. மேல் ரோட்டில் மோட்டார் சைக்கிள் போனால் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். பக்கத்து வீட்டில் மிக்சி அரைத்தால் கட்டிலுக்குக் கீழே போய்விடுகிறேன். ஆஸ்பத்திரியில் மின்விசிறியைப் போட்டார்கள், நான் மருந்து எடுக்காமலே வெளியே வந்துவிட்டேன். போன மாதம் புல்லு வெட்டுகிற மெசினைக் கொண்டுவந்து லயத்துக்குப் பின்னால் ஓட்டினார்கள், அன்றைக்கு முழுக்க அரிசிச் சாக்கைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு இருந்தேன். லோஜினி வந்து சாக்கைத் தூக்கிப் பார்த்து, அவளும் சாக்குக்குள் வந்து உட்கார்ந்துகொண்டாள். முதலில் மூன்று மாதம் தோட்டத்து ஆபீசில் பொறுத்துக்கொண்டார்கள். அப்புறம் டாக்டர் கொடுக்கிற துண்டுச் சீட்டுக் கேட்டார்கள். இப்போது கிளாக்கர் ஐயா கூப்பிட்டு, வருகிற ஒண்ணாந்தேதிக்குள் விடியக் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு வந்து நின்று வேலைக்குப் பேர் கொடுக்காவிட்டால் வேலையாட்கள் பேர் எழுதுகிற செக்ரோலில் இருந்து பேரை வெட்டிவிடுவோம், பேர் இல்லாத வீட்டுக்குக் காம்பராவும் இல்லை என்று சொல்லிவிட்டார். லோஜினி டவுனில் செய்கிற வேலை அவர்கள் கணக்கில் வராது. அவர் ஒன்றும் கத்திச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். மெதுவாகச் சொன்னதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

சரி, படத்துக்கு வருகிறேன். கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பாதிப் பேர் தலைக்கு முழுகி மஞ்சள் பூசி வந்திருந்தாளுகள். மீனம்மா ஒரு கட்டு வேப்பிலையும் கற்பூரமும் கொண்டுவந்திருந்தாள். உள்ளே போய் உட்கார்ந்ததும் திரைக்கு முன்னால் கற்பூரத்தைக் கொளுத்தப் போனாள். தியேட்டரைப் பார்த்துக்கொள்கிற மனுசன் ஓடிவந்து தடுத்தார். வெள்ளைச் சட்டை, முன்வழுக்கை, கொஞ்சம் பருத்த உடம்பு, உங்கள் தம்பி வயதுதான் இருக்கும். சிங்கள ஆள், ஆனால் தமிழ் பேசினார்.

“அம்மா, நெருப்பு வேணாம். இப்ப உள்ளுக்கு நெறைய நெருப்பு வரும்” என்று திரையைக் காட்டினார்.

லைட்டை அணைத்தார்கள். அவர் சொன்ன மாதிரியே நெருப்பு வந்தது. ஊர் ஊராக எரிந்தது. மலை உயரத்துக்கு இருந்த கட்டடங்கள் எல்லாம் மண்சரிவு மாதிரிச் சரிந்து விழுந்தன. அப்புறம் எல்லாம் ஆறி, எங்கே பார்த்தாலும் மணல். மரம் இல்லை, புல் இல்லை, மழை பெய்து இருபது வருசமாம். மிஞ்சின சனம் கந்தல் துணியோடு ஓட்டைத் தகரத்துக்குள் குடியிருக்கிறது. ஒருத்தன் விடியக் காலையில் கொம்பு ஊதுகிறான், எல்லாரும் வரிசையில் வந்து நிற்கிறார்கள், பேர் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு டின் தண்ணீர் கொடுக்கிறார்கள்.

“இதென்னடி, பெரட்டுக் களம் மாதிரி இருக்கு?” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“ஒலகம் அழிஞ்சும் இவனுக பேர் கூப்புடுறத விடலியே!” என்றாள் மீனம்மா. முன்வரிசை, பின்வரிசை எல்லாம் சிரித்தது. நானும் சிரித்தேன் மதினி, மறைக்கவில்லை. ஒன்பது மாதத்துக்குப் பிறகு சிரித்தேன். சிரித்ததும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

போஸ்டரில் இருந்த பொம்பளை அம்மன் இல்லை. பஸ் ஓட்டுகிறவள். கடைசியாக மிஞ்சின பிள்ளைகளை எல்லாம் ஒரு பழைய பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு, எங்கேயோ தண்ணீர் இருக்கிற மலைக்குப் போகிறாள். வில்லனின் ஆட்கள் லொறியிலும் மோட்டார் சைக்கிளிலும் துரத்துகிறார்கள். பஸ் குப்புற விழப் போகிறது, எழும்புகிறது, பாலம் உடைகிறது, தாண்டுகிறது. கொத்மலை ரோட்டில் ஓடுகிற டிரைவர்கூட இப்படி ஓட்டமாட்டான். நான் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்த பிடியில் கை சிவந்துபோனது. வில்லன் ஒரு உயரத்தில் நின்று, “சாம்பலான பூமியின் புதல்வர்களே, உங்கள் ஓட்டம் இன்றோடு முடிந்தது!” என்று பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரிப் பேசினான். பேசிவிட்டு ஒரு இரும்புப் பெட்டியைத் திறந்தான்.

அதற்குள் இருந்து இரும்புப் பூச்சிகள் வந்தன. ஆயிரக்கணக்கில். முதலில் சின்னதாக ஒரு சத்தம், எங்கேயோ தூரத்தில். எனக்கு அது திரையில் இருந்து வரவில்லை. பின்னால் இருந்து, என் வலது காதுக்குப் பின்னால் இருந்து வந்தது. நாலு சுவரிலும் ஒலிபெருக்கி வைத்திருக்கிறார்களாம், அது எனக்கு எங்கே தெரியும்? சத்தம் பின்னால் இருந்து தலைக்கு மேலே வந்தது. தலைக்கு மேலே ஒரு தரம் சுற்றியது. அப்புறம் தடித்தது.

“குளவி!” என்று கத்தினேன்.

உங்களுக்குத் தெரியும், நீங்களும் இந்த மலையில் பன்னிரண்டு வருசம் கொழுந்து எடுத்தவர்கள்தானே. அந்த ஒரு சொல்லைக் கேட்டால் எந்தத் தோட்டத்துப் பொம்பளையும் எங்கே, எதற்கு, யார் சொன்னது என்று கேட்கமாட்டாள். கூடையைக் கழற்று, ஓடாதே, குப்புறப் படு, இடுப்பில் கட்டியிருக்கிற படங்கை இழுத்துத் தலையை மூடு, மூச்சை மெதுவாக விடு. வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைக்காம்பராவில் விட்ட வயதில் இருந்து உடம்பில் ஊறினது. முப்பத்தெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் கீழே போனோம். நாற்காலி எல்லாம் படபடவென்று மடிந்த சத்தம் மட்டும்தான் கேட்டது. படங்கு இல்லாததால் சால்வை, முந்தானை, கையில் இருந்த பை, எது கிடைத்ததோ அதைத் தலையில் போட்டோம். மீனம்மா வேப்பிலைக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டாள். ஒருத்தியும் சத்தம் போடவில்லை, வந்திருந்த பிள்ளைத்தாய்ச்சிகூட அழவில்லை. திரையில் சனம் செத்துக்கொண்டிருக்கிறது, நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு தரையில் கிடக்கிறோம்.

அப்போதுதான் அந்த வெள்ளைச் சட்டைக்காரர், நாற்காலி எல்லாம் திடீரென்று காலியானதைப் பார்த்துவிட்டு, டோர்ச் லைட்டோடு நடைபாதையில் ஓடிவந்தார்.

மதினி, இப்போது எழுதப்போகிறதை நான் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. சாவு வீட்டில் எல்லாருக்கும் முன்னால் நீங்கள் என்னைக் கேட்டீர்கள். “எந்தம்பி உசிருக்கு ஓடிக்கிட்டிருந்தான், நீ படங்க மூடிக்கிட்டுப் படுத்துக் கெடந்தியாடி?” அதற்கு நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் தப்பிக்கச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு நாங்கள் ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். அவர் மேல் பாதையில் கொழுந்துச் சாக்குத் தூக்கிக்கொண்டிருந்தார். சாக்குத் தூக்குகிறவர்களுக்குப் படங்கு இல்லை. கூடு கலைந்ததும் நாங்கள் படுத்துவிட்டோம். அவர் பாதையில் இருந்து எங்களைப் பார்த்து இறங்கி ஓடிவந்தார். பாதித் தூரம் வந்தவர் நின்றார். குளவி தனக்குப் பின்னாலேயே வருகிறது, இங்கே வந்தால் பொம்பளைகள் மேல் விழும் என்று நினைத்திருக்க வேண்டும். “அழகு, எந்திரிக்காத! அப்புடியே கெட!” என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுத் திரும்பி ரோட்டுப் பக்கம் ஓடினார். நான் படங்கில் இருந்த ஓட்டை வழியாகப் பார்த்தேன். அவர் கால்தான் தெரிந்தது. எனக்கு எட்டுகிற தூரம் இல்லை, ஆனாலும் எட்டியிருக்கும் என்றுதான் இன்றைக்கு வரைக்கும் தோன்றுகிறது. இருபத்திரண்டு வருசத்தில் அவர் சொல்லி நான் எதையும் கேட்டதில்லை. அதுவும் உங்களுக்குத் தெரியும், நீங்களே அதற்காக என்னைத் திட்டியிருக்கிறீர்கள். அந்த ஒரு தரம் கேட்டேன்.

தியேட்டரில் அந்த இருட்டில், தலைக்கு மேல் அந்த இரைச்சலோடு, சால்வைக்குக் கீழால் பார்த்தால் இரண்டு கால் ஓடிவருகிறது. நான் பிடித்துவிட்டேன். இரண்டு கையாலும் கணுக்காலைப் பிடித்து இழுத்தேன். ஆள் தடால் என்று விழுந்தார். டோர்ச் லைட் உருண்டு போனது. எழும்பப் பார்த்தார், மேலே விழுந்து சால்வையால் இரண்டு பேர் தலையையும் மூடிக்கொண்டு அமுக்கிவிட்டேன்.

“அம்மே! மொகத மே?” என்று கத்தினார் பாவம், இது என்ன என்று.

“துவன்ன எபா!” என்றேன். ஓடாதே என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில். அப்புறம் தமிழில், “எந்திரிக்காதீங்க, அப்புடியே கெடங்க, அப்புடியே கெடங்க” என்று எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது. மனுசன் திமிறுவதை விட்டுவிட்டு அசையாமல் கிடந்தார். பயத்தில் கிடந்தாரா, என் பாரத்தில் கிடந்தாரா, அவரைத்தான் கேட்க வேண்டும்.

படத்தை நிறுத்தி லைட்டைப் போட்டார்கள். மேல் மாடியில் இருந்த டவுன் பிள்ளைகள் போனை நீட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள். அந்த வீடியோ அப்போது எடுத்ததுதான். லைட் வந்தும் நாங்கள் எழும்பவில்லை, குளவிக்கு லைட் கணக்கா? எங்களோடு வந்து வாசலுக்கு வெளியே நின்ற லோஜினி ஓடிவந்து சால்வையைத் தூக்கி, “அம்மா, அந்த ஆளு மூச்சு விடட்டும்” என்றபிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. எழும்பினேன். அழுகை வருகிறது, நிற்கவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டு எழும்பின அந்த மனுசனுக்கு முகமெல்லாம் கோபம். பொலிசைக் கூப்பிடுகிறேன் என்று ஆரம்பித்தார். மீனம்மா தலையில் வேப்பிலையோடு போய் நின்று சிங்களத்தில் விளக்கினாள். இவள் புருசன் குளவி கொட்டிச் செத்துப்போனான், ஒன்பது மாதம்தான் ஆகிறது, இவள் சத்தத்தைக் கேட்டு ஏமாந்துவிட்டாள் என்றாள். குளவிக்கு அவர்கள் பாசையில் தெபரு என்று பேர். அந்தச் சொல் காதில் விழுந்ததும் மனுசனுக்கு முகம் மாறிவிட்டது. திரும்பி டோர்ச் லைட்டை எடுத்துக் கூரையின் நாலு மூலைக்கும் அடித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்று எங்களுக்குச் சொன்னார். சொல்லிவிட்டு இன்னொரு தரம் அடித்துப் பார்த்தார்.

பிறகு எனக்கு ஒரு கதிரை போட்டு, சீனி போட்ட தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்தார். “கொழுந்து எடுக்கிற கை, என்ன?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “கால் ஒடஞ்சு போச்சுன்னுதான் நெனச்சேன்” என்றார். நான் மன்னிப்புக் கேட்டுக் கும்பிட்டேன். உங்கள் தம்பி பேர் என்ன என்று விசாரித்தார். நான் வாயால் சொல்லக்கூடாதே, லோஜினி சொன்னாள். அவர் அதை ஒரு தரம் தன் வாயால் சொல்லிப் பார்த்தார். அவ்வளவுதான் மதினி எனக்கும் அந்த மனுசனுக்கும். ஒன்பது மாதமாக என் கை ஒரு காலைத் தேடிக்கொண்டிருந்தது. கிடைத்தது யாருடைய கால் என்று பார்க்கவில்லை. அதைத்தான் அந்தப் பிள்ளைகள் படம் பிடித்து ஊருக்குக் காட்டியிருக்கிறார்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நீங்கள் ஒருத்தர் மட்டும் சிரிக்காமலும் துப்பாமலும் இருந்தால் போதும்.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். ஒண்ணாந்தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. இந்தப் படத்துக்குப் பிறகு என் பயம் இரண்டு மடங்காகிவிட்டது. முந்தி மலையில் மட்டும்தான் குளவி இருந்தது. இப்போது சுவருக்குள்ளும் இருக்கிறது. என்னால் மலை ஏற முடியாது. ஏறாவிட்டால் காம்பரா போய்விடும். லோஜினியை நஸார் முதலாளியின் பெண்சாதி செரீபா தன் வீட்டிலேயே தங்கவைத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள், அவள் பாடு எப்படியாவது போகும். எனக்கு உங்களை விட்டால் வேறு வாசல் இல்லை மதினி. உங்களைக் கண்டாலும் எனக்குப் பயம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் குளவியையும் உங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், நீங்கள் ஒரு தரம் கொட்டினால் அதோடு விட்டுவிடுவீர்கள். முப்பதாந்தேதிக்குள் துஷாந்த்தை வேனோடு அனுப்புங்கள். இரண்டு மூட்டையும் ஒரு டிரங்குப் பெட்டியும்தான் இருக்கிறது. உங்கள் மாட்டைப் பார்த்துக்கொள்கிறேன், உங்கள் காலைப் பிடித்துவிடுகிறேன், மூலையில் கிடக்கிறேன். உங்கள் ஊரில் தேயிலை இல்லை, மலை இல்லை, அது ஒன்றே எனக்குப் போதும். மிக்சி அரைக்கும்போது மட்டும் முன்கூட்டியே ஒரு சத்தம் கொடுங்கள்.

அண்ணனுக்கு என் கும்பிடு. துஷாந்த் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும், வேனை மெதுவாக ஓட்ட வேண்டும். உங்கள் வாயால் ஒரு நல்ல வார்த்தை வந்தாலும் வராவிட்டாலும் உங்கள் வீட்டு விளக்கு அணையாமல் எரிய வேண்டும்.

இப்படிக்கு, உங்கள் தம்பி வீட்டுக்காரி
அழகம்மா

பி.கு. இன்றைக்கு 28ஆந்தேதி. கடிதத்தை டவுனில் போடச் சொல்லி லோஜினியிடம் கொடுத்தேன், அவள் பையிலேயே வைத்திருந்து இன்றைக்குத் திருப்பித் தந்து, “இதுக்குக் கீழ இன்னும் கொஞ்சம் எழுதிட்டுக் குடுங்க” என்கிறாள். துஷாந்த்தை அனுப்ப வேண்டாம் மதினி. மேலே படித்த கையோடு வேனைக் கிளப்பியிருந்தால் திருப்பிக் கூப்பிடுங்கள்.

நடந்தது இதுதான். திங்கட்கிழமை விடியக் காலையில் என் காம்பரா வாசலில் மீனம்மாவும் இன்னும் பதினைந்து இருபது பேரும் கூடையோடு வந்து நிற்கிறாளுகள். அவர்களுக்குப் பின்னால் நம் கணேசமூர்த்தி கங்காணி தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறார். அன்றைக்கு ஒன்பதாம் நம்பர் மலையாம். அங்கே சவுக்கு மரத்தில் புதுசாக ஒரு கூடு இருப்பதாகப் பேச்சாம். ஒருத்தியும் இறங்கமாட்டேன் என்கிறாளாம்.

“அழகு, நீ வந்தாத்தான் எறங்குவாளுகளாம்” என்றார் கங்காணி.

“நான் எதுக்குங்க? நான் பயந்தவ.”

“அதுக்குத்தான்டி கூப்புடுறோம்” என்றாள் மீனம்மா. “முப்பத்தெட்டுப் பேரு இருந்தோம், எவ காதுலயாச்சும் மொதல்ல விழுந்திச்சா? ஒனக்குத்தானே விழுந்திச்சு. தைரியசாலிய வச்சுக்கிட்டு நாங்க என்ன செய்யிறது? அவ கொட்டின பொறகுதான் சொல்லுவா.”

வரமாட்டேன் என்றேன். சரி, ரோட்டில் மட்டும் வந்து நில் என்றாளுகள். ரோட்டில் நின்றேன். அங்கே நின்றால் நடுநிரை வரைக்கும் காது எட்டவில்லை. இரண்டு நிரை இறங்கி நின்றேன். சும்மா நிற்கிற கைக்கு என்ன தெரியும், அது பாட்டுக்குக் கொழுந்தைக் கிள்ள ஆரம்பித்துவிட்டது. சாயந்தரம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் என் பேரைக் கூப்பிட்டபோது யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நின்றுகொண்டிருந்தேன். பேர் செக்ரோலில் ஏறிவிட்டது.

பயம் போகவில்லை மதினி, ஒரு துளி போகவில்லை. புதன்கிழமை பத்து மணிக்கு இரைச்சல் கேட்டது. கத்திவிட்டேன். எல்லாரும் படுத்தாளுகள், கங்காணியும் வேட்டியோடு தண்ணீர் போகிற கானுக்குள் படுத்தார். கடைசியில் பார்த்தால் மேல் ரோட்டில் தபால்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து, மலையில் ஒரு ஆளையும் காணவில்லையே என்று நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, எல்லாரும் ஏசப்போகிறாளுகள் என்று நினைத்தேன். ஒருத்தியும் எழும்பவில்லை. “இப்புடியே கொஞ்ச நேரம் கெடப்போம்டி, மண்ணு குளுந்து கெடக்கு” என்று படங்குக்குள் இருந்து மீனம்மா குரல் வந்தது. கால் மணி நேரம் கிடந்தோம். கங்காணியும் எழும்பச் சொல்லவில்லை, அவரிடம் குறட்டைச் சத்தம் கேட்டதாக ஒருத்தி சொல்கிறாள்.

வருசத் திதிக்கு நீங்கள் கட்டாயம் வரவேண்டும். ஏசுகிறதாக இருந்தாலும் நேரில் வந்து உட்கார்ந்து ஏசுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் இங்கிருந்து நான் இப்போதைக்கு வர முடியாது, விடமாட்டாளுகள். தினமும் பத்து மணி வெயில் ஏறியதும் பக்கத்து நிரையில் இருந்து ஒருத்தி மெதுவாகக் கேட்கிறாள்: “அழகக்கா, இன்னும் ஒண்ணும் கேக்கலியா?”